திரை மறைத்த நாயகி

நுழையும்முன்

ஒருவர் மற்றொருவராக மாறிக் காட்டும் கலையே நடிப்பு. அரசன் வேடம் பூண்டவர் அரசர் அல்லர் என்பதை அறிந்துகொண்டே நாம் அவர் நடிப்பைச் சுவைக்கிறோம். ஆயினும் நடிப்பைக் காணாமல் நடித்தவரின் பிறப்பைக் கண்டு அவையோர் சினந்த காலமும் இருந்தது. அச்சினத்தால் தம் கலையையும் ஊரையும் பெயரையும் ஒருசேர இழந்தார் ஒரு நடிகை. மலையாளத் திரைப்படத்தின் முதல் நாயகியாகிய அவர், நாஞ்சில் நாட்டின் தலைநகர்போல் விளங்கும் நாகர்கோவிலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் அறியாதவராய் வாழ்ந்தார். பி.கே. ரோசி என்னும் அக்கலைஞரின் வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூத்தும் பெண்ணும்

தமிழ் மரபில் கூத்துக்கலையும் பெண்ணும் தொன்றுதொட்டுப் பிணைந்தே வந்துள்ளனர். சங்ககாலத்தில் பாணரோடும் கூத்தரோடும் விறலியர் ஊர்தோறும் சென்றனர். உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுமாறு ஆடும் திறனே விறல். அத்திறன் வாய்ந்தவள் விறலி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி தன் ஆடற்றிறனுக்காகத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். கலைத்திறனுக்கு அரசவை நேரடியாக அளித்த மதிப்பு அது.

காலப்போக்கில் இந்நிலை மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் மேடைநாடகம் புத்துயிர் பெற்றபோது, பெண் பாத்திரங்களையும் பெரும்பாலும் ஆண்களே ஏற்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்களே வள்ளியாகவும் சந்திரமதியாகவும் வேடமிட்டனர். குடும்பப் பெண்கள் மேடையேறுவது இழுக்கு என்னும் எண்ணம் எங்கும் பரவியிருந்தது. அவ்வெண்ணத்தை மீறிப் பெண்களையே உறுப்பினராகக் கொண்ட நாடகக் குழுவைக் கும்பகோணத்தில் நடத்திப் பெரும்புகழ் பெற்றவர் பாலாமணி அம்மாள். மேடையில் இசையாலும் நடிப்பாலும் மக்களைக் கவர்ந்த கே.பி. சுந்தராம்பாளும், தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) படத்தின் நாயகியான டி.பி. ராஜலட்சுமியும் இவ்வழியில் பின்வந்தோர். ராஜலட்சுமி 1936ஆம் ஆண்டில் மிஸ் கமலா என்னும் படத்தை இயக்கித் தென்னகத்தின் முதல் பெண் இயக்குநர் என்னும் பெருமையையும் பெற்றார்.

பெண்ணுக்கு மேடையை மறுத்தது தமிழகம் மட்டுமன்று. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தின் பொது அரங்குகளில் பெண்கள் நடிக்கவில்லை. ஜூலியட்டாகவும் டெஸ்டிமோனாவாகவும் மேடையில் தோன்றியவர்கள் சிறுவர்களே. 1660 டிசம்பர் 8 அன்றுதான் தொழில்முறை நடிகை ஒருவர் ஒதெல்லோ நாடகத்தில் டெஸ்டிமோனாவாக இலண்டன் மேடையில் தோன்றினார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ராஜா அரிச்சந்திராவிலும் (1913) சந்திரமதியாக நடித்தவர் ஓர் ஆண்தான்.

பெண் என்பதனால் வந்த தடை இவர்கள் அனைவருக்கும் பொது. பிறந்த சாதியினால் வந்த தடையையும் சேர்த்துச் சுமந்தவர் ரோசி.

புல்லறுத்த கைகள்

ரோசி 1903 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தார். அப்போது குமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் திருவிதாங்கூர் என்னும் ஒரே சமஸ்தானத்தில் அடங்கியிருந்தன. புலையர் என அழைக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட வேளாண் தொழிலாளர் சமூகத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டிய அக்குடும்பத்துக்காகப் புல்லறுத்து விற்கும் வேலையைச் செய்தார். எனினும் அவர் மனம் ஆட்டத்திலும் பாட்டிலும் நாடகத்திலும் தோய்ந்திருந்தது. முறையாக நடிப்புப் பயின்ற அவர், காக்காரிசி நாடகக் குழுக்களில் பங்கேற்கத் தொடங்கினார்.

தென் திருவிதாங்கூரில் வழங்கிய நாட்டார் நாடகமே காக்காரிசி. சிவனும் பார்வதியும் காக்கான், காக்காத்தி என்னும் நாடோடிக் குறவர்களாக மண்ணுலகிற்கு வருவர். ஊரை ஆளும் தம்புரான் அவர்களை மறித்து, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என வினவுவான். அவ்வினாக்களுக்குக் காக்கான் நகைச்சுவையும் குத்தலுமாக விடையளிப்பான். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டும் பேச்சும் தீப்பந்த வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டமும் அதன் இயல்புகள். குறி சொல்லும் பெண்ணைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட நம் குறவஞ்சி இலக்கியத்தோடு இதனை ஒப்புநோக்கலாம்.

மரபாகக் காக்காத்தி வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தனர். அவ்வேடத்தை ஏற்று நடித்த முதற்பெண்களுள் ஒருவராக ரோசி அறியப்படுகிறார். வரிசையாக நாற்காலியிட்டு நுழைவுச்சீட்டு விற்கும் அரங்கல்ல அது. திறந்தவெளியில், மக்கள் சுற்றி அமர்ந்திருக்க, உடனுக்குடன் பேசியும் பாடியும் ஆடியும் அவையைத் தன்வயப்படுத்த வேண்டிய மேடை. ரோசிக்கு அதுவே நடிப்புப் பள்ளியாக அமைந்தது.

தெரியுமா?

திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர் பொதுச்சாலையில் நடப்பதே மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 1893ஆம் ஆண்டு வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்று உரிமையை நிலைநாட்டியவர் அய்யன்காளி. சாதி அடையாளமாகப் பெண்கள் அணிய வேண்டியிருந்த கல்மாலைகளை 1915ஆம் ஆண்டு கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அவர்கள் அறுத்தெறிந்தனர். குமரிப் பகுதியில் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859ஆம் ஆண்டு அரசாணை வெளிவந்தது. திருவிதாங்கூரின் ஆலயநுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வெளியிடப்பட்டது.

டேனியலின் கனவு

திரைப்படம் என்னும் புதுக்கலை இந்தியாவில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம் அது. சென்னையில் நடராஜ முதலியார் கீசகவதம் என்னும் பேசாப்படத்தை எடுத்துத் தென்னிந்தியத் திரைத்தொழிலைத் தொடங்கிவைத்திருந்தார். அக்கலையைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுவர விரும்பினார் ஜே.சி. டேனியல். குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தோடு நெருங்கிய தொடர்புடைய அவர், களரிப் பயிற்சியில் தேர்ந்தவர். வாட்போர்க் கலை குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். நம் வீரக்கலைகளைத் திரைவழியே மக்களிடம் கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணமே அவரைத் திரைப்படத்தின்பால் ஈர்த்தது.

சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழில்நுட்பம் அறிந்து திரும்பிய டேனியல், தம் நிலத்தை விற்றுப் பொருள் திரட்டினார். திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். விகதகுமாரன் என்னும் படத்துக்குத் தாமே கதை எழுதி, தாமே இயக்கி, தாமே தயாரித்து, நாயகனாகவும் நடித்தார். 'தொலைந்துபோன மகன்' என்பது அத்தலைப்பின் பொருள். திருவிதாங்கூரில் செல்வக் குடும்பம் ஒன்றின் சிறுவன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுவதும் பின்னர்க் குடும்பத்தோடு இணைவதும் கதை. புராணக் கதைகளே பெரும்பாலும் படமாகிவந்த அந்நாளில், சமகாலக் குடும்ப வாழ்வைக் கதைப்பொருளாகக் கொண்டது இப்படத்தின் சிறப்பு.

நாயகி சரோஜினி, நாயர் குடும்பத்துப் பெண். அப்பாத்திரத்துக்குத் தகுந்த நடிகை கிடைப்பது எளிதாக இல்லை. திரைப்படத்தில் நடிக்கும் பெண்ணைச் சமூகம் இகழ்ந்ததால் உள்ளூரில் எவரும் முன்வரவில்லை. பம்பாயிலிருந்து வரவழைக்க எண்ணிய நடிகையோடும் உடன்பாடு நிலைக்கவில்லை. அந்நிலையில்தான் காக்காரிசி மேடையில் பயின்றிருந்த ரோசி, விகதகுமாரனின் நாயகியானார்.

ஒலியில்லாத நடிப்பு

மேடை நடிகை ஒருவர் பேசாப்படத்தில் நடிப்பது எளிய மாற்றமன்று. மேடையில் குரலே முதற்கருவி. தொலைவில் இருப்பவருக்கும் கேட்குமாறு பாட வேண்டும். கண்ணுக்கெட்டாத முகபாவத்தைப் பேச்சால் ஈடுசெய்ய வேண்டும். பேசாப்படத்திலோ குரலுக்கு இடமே இல்லை. கதையின் போக்கை இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகள் உணர்த்தும். அரங்கில் ஒருவர் நின்று விளக்கம் சொல்வதும் உண்டு. மகிழ்ச்சி, துயரம், அச்சம், காதல் ஆகிய அனைத்தையும் கண்ணும் புருவமும் உடலுமே வெளிப்படுத்த வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளும் சொல்லின் துணையின்றி ஒருவர் முகத்தில் தோன்ற வேண்டிய கலை அது.

மின்விளக்கு வசதி குறைந்த அந்நாளில் படப்பிடிப்புப் பெரும்பாலும் பகலொளியை நம்பியே நடைபெற்றது. முன்னே ஆள்கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, கண்முன் இருந்தது கருவி ஒன்றே. நாள்தோறும் கூலிவேலை செய்து பிழைத்த பெண், உயர்குடிப் பெண்ணுக்குரிய உடையும் அணியும் பூண்டு, அவள் நடையையும் இருப்பையும் கருவியின்முன் நிகழ்த்திக் காட்டினார். இப்பணிக்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் ஊதியம் பெற்றார் என அவர் வாழ்வை ஆராய்ந்தோர் குறிப்பிடுகின்றனர்.

கேபிட்டல் அரங்கில்

விகதகுமாரன் திருவனந்தபுரம் கேபிட்டல் அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அத்திரையீட்டின் ஆண்டை நூல்கள் 1928 என்றும் 1930 என்றும் இருவகையாகக் குறிக்கின்றன. புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை விழாவைத் தொடங்கிவைத்தார். ஊரின் பெருமக்கள் கூடியிருந்த அவ்விழாவில் படத்தின் நாயகிக்கு இடம் இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்ணோடு ஒரே அரங்கில் அமர உயர்சாதியார் உடன்படமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம்.

திரையில் ரோசி நாயர் பெண்ணாகத் தோன்றியதும் அரங்கில் கூச்சல் எழுந்தது. நாயகன் அவர் கூந்தலில் இருந்த மலரை எடுத்து முத்தமிடும் காட்சியில் அது கலவரமாக மாறியது. கற்கள் பறந்தன, திரை கிழிந்தது, காட்சி தடைப்பட்டது. அரங்கத்தோடும் அச்சினம் அடங்கவில்லை. ரோசியைத் தேடிச் சென்று துன்புறுத்தினர். அவர் குடிசை தீக்கிரையானது. உயிர்பிழைக்க அவருக்கு எஞ்சியிருந்த வழி, பிறந்த ஊரைவிட்டு நீங்குவது ஒன்றுதான். தெற்கே தமிழ்ப்பகுதியை நோக்கிச் சென்ற சரக்கு வண்டி ஒன்றில் ஏறி அவர் தப்பினார்.

தாம் நடித்த படத்தைத் திரையில் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை எனக் கூறப்படுகிறது.

எந்த வேடம் குற்றமாயிற்று?

இந்நிகழ்வைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். காக்காரிசி மேடையில் இதே ரோசி பார்வதியாக நடித்தார். தெய்வமாக நடித்தபோது எழாத எதிர்ப்பு, மானிடப் பெண்ணாக நடித்தபோது ஏன் எழுந்தது?

காக்காத்தி தெய்வமே ஆயினும் குறத்தியின் கோலத்தில் வருகிறாள். ஒடுக்கப்பட்ட பெண் ஒருத்தி குறத்தி வேடம் பூணுவதில் சமூக அடுக்கு எவ்வகையிலும் குலையவில்லை. சரோஜினி வேடமோ அவ்வடுக்கைக் கலைத்தது. நல்லாடை உடுத்து, நகை பூண்டு, தலைநிமிர்ந்து நடந்தால் எவரும் உயர்குடிப் பெண்ணாகத் தோன்றக்கூடும் என்பதை அது கண்ணெதிரே மெய்ப்பித்தது. பிறப்பினால் வந்தவை எனக் கருதப்பட்ட தோற்றமும் பெருமிதமும் பயிற்சியால் எய்தக்கூடியவையே என்றால், உயர்வு தாழ்வுக்கு அடிப்படை எது என்னும் வினா எழுகிறது. அரங்கில் இருந்தோர் அவ்வினாவுக்கு விடை கூறவில்லை, கல்லெறிந்தனர். ரோசியின் நடிப்பு குறையுடையதாக இருந்திருந்தால் அவரைப் பார்த்து நகைத்திருப்பர். அவர்கள் சினந்தனர் என்பதே அவ்வேடம் அவருக்குப் பொருந்தியது என்பதற்குச் சான்றாகிறது.

1935ஆம் ஆண்டு வெளிவந்த பக்த நந்தனார் படத்தை இதனோடு ஒப்பிடலாம். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் தோன்றிய நந்தனாராக அதில் நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். பெண் ஒருவர் ஆணாக நடித்ததைப் பற்றிப் பலரும் பலவாறு பேசினர். ஆயின் அவ்வேடத்துக்காக அவரை ஊரைவிட்டு விரட்டியோர் இலர். மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் வேடம் கலையாக ஏற்கப்பட்டது. கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் வேடம் குற்றமாகக் கருதப்பட்டது.

கடல்கடந்த நாடுகளிலும் இத்தகைய நிகழ்வுகள் உண்டு. அமெரிக்காவில் கான் வித் த விண்ட் படத்தின் முதல் திரையீடு 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நடைபெற்றபோது, அதில் நடித்த கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியலால் கலந்துகொள்ள இயலவில்லை. இனஒதுக்கல் சட்டங்கள் தடையாக நின்றன. அப்படத்துக்காக 1940ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞராக அவர் உயர்ந்தார். அவ்விழா மண்டபத்திலும் சுவரோரமாகத் தனிமேசையிலேயே அமர்த்தப்பட்டார். நிறத்தால் ஒதுக்கப்பட்ட அவருக்கு விருதேனும் கிட்டியது. ரோசிக்கு நடித்ததன் அடையாளமும் எஞ்சவில்லை.

நாகர்கோவிலில் ராஜம்மாள்

ரோசி வந்துசேர்ந்த இடம் நாகர்கோவில். தாம் ஏறிவந்த வண்டியின் ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்னும் பெயரில் அங்கேயே வாழ்ந்தார். அதன்பின் அவர் திரையிலோ மேடையிலோ தோன்றவில்லை. தாம் ஒரு படத்தின் நாயகி என்பதை அக்கம்பக்கத்தாரிடம் வெளிப்படுத்தியதாகவும் தெரியவில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கும் தாயின் கலைவாழ்வைப் பற்றி மிகக் குறைவாகவே தெரிந்திருந்தது. பிறப்பு வெளிப்பட்டால் துன்பம் வரும் என்பதைத் தீயின் வழியே அறிந்தவர் அவர். மௌனமே அவருக்குப் பாதுகாப்பாயிற்று.

நாகர்கோவில் கலைஞர்களைப் போற்றத் தெரியாத ஊரன்று. வில்லுப்பாட்டும் தோற்பாவைக்கூத்தும் செழித்த மண் அது. ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்து, பாலர் நாடகக் குழுவில் பயின்று, தமிழகமே கொண்டாடிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவ்வூரினர். அவர் மேடையில் வளர்ந்து திரையில் புகழின் உச்சத்தை எட்டிய ஆண்டுகளில், அதே நகரில் மேடையும் திரையும் கண்ட மற்றொரு கலைஞர் அடுப்படியில் மறைந்து வாழ்ந்தார். விகதகுமாரன் நாகர்கோவிலிலும் திரையிடப்பட்ட படம் என்பதை இங்கு எண்ணிப் பார்த்தால் அம்மறைவின் அவலம் விளங்கும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. மலையாளத்தின் முதல் நாயகி தமிழ்நாட்டுக் குடிமகளானார். அதை இரு மாநிலங்களுள் எதுவும் அறிந்திருக்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ராஜம்மாளாகவே அவர் மறைந்தார்.

தனித்துப்போன இயக்குநர்

படத்தின் தோல்வி டேனியலையும் வீழ்த்தியது. கடனை அடைக்கக் கருவிகளை விற்றார். படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டது. பின்னர்ப் பல்மருத்துவம் பயின்று, பாளையங்கோட்டை முதலிய ஊர்களில் தொழில் நடத்தினார். மீண்டும் திரைப்படம் எடுக்க முயன்று, கையிலிருந்த பொருளையும் இழந்தார். இறுதிக்காலத்தை அகஸ்தீஸ்வரத்தில் வறுமையிலும் நோயிலும் கழித்த அவர், 1975ஆம் ஆண்டு மறைந்தார்.

நாகர்கோவிலுக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. ஒரு மொழியின் திரைக்கலைக்கு வித்திட்ட இருவர், இச்சிறு தொலைவுக்குள் தனித்தனியே மறதியில் கிடந்தனர்.

எரிந்த படச்சுருள்

விகதகுமாரனின் படச்சுருள் இன்று இல்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சார்ந்தது. வீட்டில் இருந்த சுருளை டேனியலின் சிறுவயது மகன் விளையாட்டாகத் தீயிட்டு எரித்துவிட்டதாகக் கூறப்படுகிறது. ரோசியின் ஒளிப்படம் என ஐயமற உறுதிசெய்யப்பட்டதும் எதுவுமில்லை. மாதவியின் ஆடலைக் காண வாய்ப்பில்லாத நமக்கு இளங்கோவடிகளின் சொற்களேனும் உள்ளன. ரோசியின் நடிப்பைப் போற்றி அந்நாளில் எழுதப்பட்ட சொல்லும் நமக்குக் கிட்டவில்லை. அவர் திரையில் தோன்றினார் என்பதற்கு, அவரை விரட்டியடித்த செய்தியே சான்றாக நிற்கிறது.

தெரியுமா?

மலையாளத்தின் இரண்டாவது பேசாப்படமான மார்த்தாண்டவர்மாவைத் (1933) தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ். அப்படத்தின் படச்சுருள் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலனைத் (1938) தயாரித்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்.

மீண்டுவந்த பெயர்

மறைக்கப்பட்ட பெயரை மீட்க ஆய்வாளர் சிலர் பல்லாண்டு உழைத்தனர். இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் டேனியலை நேரில் கண்டு, அவர் பணியை உலகறியச் செய்தார். குன்னுக்குழி எஸ். மணி 1970களின் தொடக்கம் முதலே ரோசியைப் பற்றித் தேடி எழுதினார். டேனியலே மலையாளத் திரைப்படத்தின் தந்தை என ஏற்றுக்கொண்ட கேரள அரசு, 1992 முதல் அவர் பெயரில் உயரிய திரைவிருதை வழங்கிவருகிறது. தந்தை ஏற்கப்பட்ட பின்னரும் முதல் நாயகிக்கு உரிய இடம் கிடைக்க மேலும் பல்லாண்டுகள் ஆயின.

வினு ஆபிரகாம் ரோசியின் வாழ்வை நஷ்ட நாயிகா என்னும் நாவலாக்கினார். அந்நாவலையும் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் எழுத்துகளையும் தழுவி, கமல் இயக்கத்தில் செல்லுலாய்டு என்னும் மலையாளப் படம் 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. கேரளத் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு 2019ஆம் ஆண்டு ரோசியின் பெயரில் திரைப்படக் கழகம் ஒன்றை நிறுவியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரால் திரைப்பட விழாவை நடத்தியுள்ளது. அவரது 120ஆவது பிறந்தநாளான 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவர் ஓவியத்தை வெளியிட்டது. ஒருகாலத்தில் ஒரே ஓர் அரங்கின் திரையில் காட்டவும் மறுக்கப்பட்ட முகம், அன்று எண்ணற்ற கணினித் திரைகளில் ஒளிர்ந்தது.

வரலாறு என்பது நிகழ்ந்தவை அனைத்தின் தொகுப்பன்று. எவரைக் குறித்துவைப்பது, எவரை விட்டுவிடுவது என்னும் தேர்வும் அதனுள் அடங்கியுள்ளது. ரோசியை விட்டுவிட்டது அக்காலச் சமூகத்தின் தேர்வு; அவரைத் தேடி எடுத்தது பின்வந்தோரின் தேர்வு. கூத்து மேடையிலும் நாடக அரங்கிலும் திரைக்குப் பின்னாலும் உழைத்துப் பெயரின்றி மறைந்த கலைஞர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்தம் பெயர்களை மூத்தோரிடம் கேட்டறிந்து எழுதிவைக்கும் பொறுப்பு, இன்று கற்கும் தலைமுறையைச் சார்ந்ததாகும்.

கற்பவை கற்றபின்

1. காக்காரிசி நாடகத்துக்கும் குறவஞ்சி இலக்கியத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் வாழ்ந்த, வாழும் பெண் கலைஞர் ஒருவரைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

3. 'நடிப்புக்கு அளவுகோல் திறனே. பிறப்பன்று' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.